ரஷ்ய மொழி படிக்கப் போகிறீர்களா? முதலில் ஊரை முடிவு செய்யுங்கள்

ரஷ்யாவுக்குப் படிக்கப் போவது என்றாலே மருத்துவம்தான் என்று நம்மூரில் ஆகிவிட்டது. ரஷ்ய மொழியையே பட்டப்படிப்பாக எடுக்கலாம், அதோடு ஒரு வட்டாரத்தின் வரலாறு, மதம், திருவிழா, சாப்பாடு வரைக்கும் சேர்த்துப் படிக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்து விசாரிக்கிறவர்களும் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்த ஊரில் நாலைந்து வருஷம் வாழப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். மொழிப் படிப்பில் பாதி, வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது.

ரஷ்யா என்பது மாஸ்கோவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கும் மட்டும் அல்ல. 190-க்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் நாடு அது. தத்தாரஸ்தான், புரியாத்தியா, யாகுத்தியா, கல்மீக்கியா என்று தனி மொழியும் தனி மதமும் கொண்ட குடியரசுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு பெருநகரங்களை மட்டும் பார்த்துவிட்டு ரஷ்யப் பண்பாடு படித்தேன் என்றால் அது அரைகுறைப் படிப்புதான்.

எந்தப் படிப்பு?

ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒரு எண் உண்டு. விண்ணப்பத்தில் பெயரைவிட இந்த எண்தான் முக்கியம். 45.03.01 என்பது பிலலோகியா, அதாவது மொழியும் இலக்கியமும். 45.03.02 மொழியியல், இதில் மொழிபெயர்ப்பும் மொழி கற்பித்தலும் அதிகம். 41.03.02 ரஷ்ய வட்டாரவியல். நடுவில் வரும் 03 இளநிலையைக் குறிக்கும். முதுநிலை என்றால் 04.

இதில் ஒரு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 41.03.01 என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு வட்டாரவியல் என்று பெயர். அது ரஷ்ய மாணவர்கள் சீனாவையோ துருக்கியையோ ஐரோப்பாவையோ படிப்பதற்கானது. 'வட்டாரவியல்' என்ற சொல்லைப் பார்த்ததும் அதில் சேர்ந்துவிட்டால், தத்தாரஸ்தானைப் படிக்க வந்தவர் சீன எழுத்து எழுதிக்கொண்டிருப்பார். ஒற்றை இலக்கம்தான் வித்தியாசம், கவனமாகப் பாருங்கள். 2022-க்குப் பிறகு ரஷ்யா தன் உயர்கல்வி அமைப்பையே மாற்றி வருகிறது. படிப்பின் பெயரும் ஆண்டுக் கணக்கும் மாறலாம் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

நேராக ரஷ்யாவுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழிக்குத் தனி மையமே இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுதி பி.ஏ. சேரலாம், அகர முதல் அங்கேயே தொடங்கலாம். ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்ளூவிலும் ரஷ்ய மொழிப் படிப்பு உண்டு. வீட்டில் பணவசதி குறைவு, அல்லது போர் நடக்கும் நாட்டுக்கு இப்போது பிள்ளையை அனுப்பத் தயக்கம் என்றால், இளநிலையை இங்கே முடித்துவிட்டு முதுநிலைக்கு அங்கே போவது நல்ல வழி. என்னைக் கேட்டால் பலருக்கும் இதுதான் பொருந்தும். மொழி ஏற்கெனவே கையில் இருந்தால், அங்கே போனதும் முதல் நாளிலிருந்தே ஊர் உங்களோடு பேசத் தொடங்கும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது: கசானை எடுத்துக்கொள்வோம்

இர்குத்ஸ்க், தோம்ஸ்க், விளாதிவஸ்தோக், உலான்-உதே என்று பல ஊர்களைச் சொல்லலாம். புரியாத்தியாவின் உலான்-உதேயில் பௌத்த மடாலயமும் பைக்கால் ஏரியும் எட்டும் தூரத்தில். யாகுத்ஸ்கில் ஜனவரியில் குளிர் மைனஸ் 40-ஐத் தொடும். அதைத் தாங்கும் உடம்பும் மனசும் இருந்தால் வடகிழக்கின் மக்களைப் பற்றிப் படிக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் முதல்முறை போகிறவருக்கு நான் முதலில் சொல்வது கசான்.

மாஸ்கோவிலிருந்து கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வோல்கா நதிக்கரையில் இறங்கலாம். தத்தாரஸ்தான் குடியரசின் தலைநகரம் இது. ரஷ்ய மொழி, தத்தார் மொழி இரண்டும் இங்கே ஆட்சிமொழிகள். தெருப்பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கும். மெட்ரோவில் அறிவிப்பைக் கேட்டாலே இது வேறு ஊர் என்று புரிந்துவிடும். 1804-ல் தொடங்கிய கசான் பல்கலைக்கழகத்துக்கு லபச்சேவ்ஸ்கி என்ற கணித மேதை பல ஆண்டுகள் ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். தோல்ஸ்தோய் 1844-ல் இங்கே கீழைமொழிகள் படிக்கச் சேர்ந்து, பட்டம் வாங்காமலே 1847-ல் கிளம்பிவிட்டார். லெனின் 1887-ல் மாணவர் போராட்டத்துக்காக வெளியேற்றப்பட்டதும் இங்கிருந்துதான். இன்று மொழி, இலக்கியப் பிரிவுக்குத் தோல்ஸ்தோயின் பெயர். அதே கூரைக்குக் கீழே ரஷ்ய மொழியும் தத்தார் மொழியும் கற்பிக்கிறார்கள்.

கசான் கிரெம்லினுக்குள் போனால் 16-ஆம் நூற்றாண்டு தேவாலயமும் 2005-ல் திறந்த குல் ஷரீஃப் மசூதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சுற்றுலாப் பயணி அங்கே படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏன் அந்த மசூதி அத்தனை புதியது? 1552-ல் இவான் அரசன் கசானைப் பிடித்தபோது பழைய மசூதி அழிந்தது. ரஷ்யப் பாடப்புத்தகத்தில் இது அரசு விரிவடைந்த கதை. தத்தார்களில் பலருக்கு இன்றும் இது இழப்பின் நாள். ஒரே சம்பவத்தை இரண்டு பக்கமும் எப்படிச் சொல்கிறார்கள் என்று படிப்பதுதான் வட்டாரப் படிப்பின் உயிர்.

தத்தார் மொழியின் எழுத்து வரலாறு இன்னொரு உதாரணம். அரபு எழுத்தில் இருந்தது. 1920-களின் கடைசியில் லத்தீன் எழுத்துக்கு மாறியது. 1939-ல் ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துக்கு மாறியது. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத நிலை. பிறகு 2018-ல் வந்த சட்டத்தால் பள்ளிகளில் குடியரசு மொழிகளைப் படிப்பது விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. மொழி அரசியலில் வளர்ந்த தமிழ் மாணவருக்கு இதன் வலியும் சிக்கலும் விளக்காமலே புரியும். மற்ற நாட்டு மாணவர்களுக்கு இல்லாத வசதி இது.

ஜூன் மாதம் சபந்துய் என்ற விழா வரும். விதைப்பு முடிந்ததைக் கொண்டாடுவது. இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்து மல்யுத்தம் போடுவார்கள். ஜெயித்தவருக்கு ஆட்டுக்கிடா பரிசு. நம் ஊர் வழுக்குமரம் போலவே உயரமான கம்பத்தில் ஏறும் போட்டியும் உண்டு. அந்த வாரம் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தாலும் ஒரு நாளாவது போய் நில்லுங்கள்.

கிளம்புவதற்கு முன்: தமிழ் வழியாகவே ரஷ்ய மொழி

சென்னையில் கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம் இருக்கிறது. அங்கே மொழி வகுப்புகள் நடக்கின்றன. கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பாவது சேர்ந்துவிடுங்கள். வெளியூரில் இருந்தால், மாஸ்கோ புஷ்கின் மொழி நிறுவனம் நடத்தும் இலவச இணையப் பாடங்கள் கைகொடுக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாடநூல் ஆங்கிலத்தில் விளக்கினாலும் நீங்கள் ரஷ்ய வாக்கியத்தைத் தமிழோடு பொருத்திப் பாருங்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் புதிதாகவும் விநோதமாகவும் தெரியும் பல விஷயங்கள், தமிழில் நாம் தினமும் பேசுகிறவை. 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பிடிக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ரஷ்யரும் அதேதான்: ம்ன்யே ஹோலத்ன, ம்ன்யே ந்ராவித்ஸ. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கு உ மின்யா யேஸ்த் க்னீகா. அப்படியே நம் அமைப்பு. 'நான் மாணவன்' என்பதில் நமக்கு வினைச்சொல் தேவையில்லை, அவர்களுக்கும் தேவையில்லை. நீ, நீங்கள் வேறுபாடு இரண்டு பக்கமும் உண்டு. ஆறு வேற்றுமை என்றதும் மற்றவர்கள் பயப்படுவார்கள். எட்டு வேற்றுமை படித்த நாம் ஏன் பயப்பட வேண்டும்?

ரஷ்ய வினையில் முற்று, தொடர் என்று இரண்டு வகை உண்டு. எல்லா நாட்டு மாணவரையும் இது ஆண்டுக்கணக்கில் ஆட்டிவைக்கும். 'புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கும் 'படித்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனதில் வைத்துத் தொடங்குங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது. தொடக்கத்துக்கு நன்றாகவே உதவும்.

உண்மையான சிரமம் வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஒலி. க-வுக்கும் அதன் அதிர்வொலிக்கும் (k, g), த-வுக்கும் அதன் அதிர்வொலிக்கும் (t, d) தமிழில் தனி எழுத்து இல்லை. வீடு என்பதற்கும் நூல்தொகுதி என்பதற்கும் ரஷ்ய மொழியில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தோம்' ஆகிவிடும். ரஷ்யக் காதுக்கு அவை சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள். அதனால் நோட்டுப்புத்தகத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது வாசிக்கும் வசதிக்கு மட்டும்.

இரண்டாவது, அழுத்தம். ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதற்கு எளிய விதி இல்லை; சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ஸாமக் என்று முன்னால் அழுத்தினால் கோட்டை, ஸமோக் என்று பின்னால் அழுத்தினால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. மூன்றாவது, 'போ' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அவர்களிடம் ஒரு கூட்டமே இருக்கிறது: நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு, ஒருமுறை ஒரு திசையில் போவது வேறு, போய்வந்துகொண்டிருப்பது வேறு. இதற்குத் தமிழ் உதவாது. பேசிப் பேசித்தான் வரும்.

ஒரு சின்ன வரமும் உண்டு. 33 ரஷ்ய எழுத்துகளில் வெளிநாட்டவர் வாயில் நுழையாத ஒரு உயிரெழுத்து (ы) இருக்கிறது. 'பாட்டு' என்று சாதாரணமாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த ஒலி வந்துவிடும்.

கையெழுத்தையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். அச்செழுத்து மட்டும் தெரிந்து போனால், ஆசிரியர் பலகையில் கூட்டெழுத்தில் எழுதுவது வெறும் அலைக்கோடாகத் தெரியும்.

விண்ணப்பமும் காகிதங்களும்

செலவைக் குறைக்கும் முதன்மை வழி ரஷ்ய அரசின் கோட்டா. 2023 முதல் ஆண்டுக்கு 30,000 வெளிநாட்டு மாணவர்கள் வரை இதில் சேர்க்கிறார்கள். கோட்டா கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. பட்டப்படிப்புக்கு முன் மொழி கற்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் சேர்த்துத்தான். சிறிய உதவித்தொகையும் விடுதியும் கிடைக்கும். விமானச் செலவு, காப்பீடு, சாப்பாடு உங்கள் பொறுப்பு. உதவித்தொகையை வைத்து மாதத்தை ஓட்ட முடியாது, அதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

'எஜுகேஷன் இன் ரஷ்யா' என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வழக்கமாக இலையுதிர் காலத்தில் திறப்பார்கள். ஆறு பல்கலைக்கழகங்கள் வரை குறிப்பிடலாம். ஆறையும் மாஸ்கோவிலேயே போட விதி இடம் கொடுக்காது. முதல் சுற்றுத் தேர்வு இந்தியாவிலேயே நடக்கும், சென்னைக்காரர்கள் ரஷ்ய மையத்திலேயே விசாரிக்கலாம். ஏன் இந்த ஊர், ஏன் இந்த மொழி என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் சொந்தப் பதில் இருக்க வேண்டும். கசானைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவர் அங்கே தனியாகத் தெரிவார்.

இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை. மருத்துவப் படிப்புக்கு ஆள் பிடிக்கிறவர்கள் மொழிப் படிப்புக்கும் 'பேக்கேஜ்' சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள்.

காகிதங்களில் என்னென்ன: பாஸ்போர்ட், பிளஸ் டூ மதிப்பெண் சான்று, அதன் ரஷ்ய மொழிபெயர்ப்பு, மருத்துவச் சான்று, எச்ஐவி பரிசோதனைச் சான்று. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கல்விச் சான்றில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது அது உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை, கேட்கும். அதற்கு முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்று நேரம் பிடிக்கும். கோட்டா கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, பெயர். நம் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பெயர் அங்கே, சிலருக்கு இனிஷியல் விரித்து எழுதியது. மதிப்பெண் சான்றில் வேறு மாதிரி. இதையெல்லாம் சிரிலிக் எழுத்துக்கு மாற்றும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கயல்விழி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு நாம் ஆங்கிலத்தில் போடும் zh என்ற இரண்டு எழுத்துகள், ரஷ்யாவில் வேறொரு எழுத்தைக் குறிக்கும் வழக்கம். அதனால் மொழிபெயர்ப்பாளர் தயங்காமல் அந்த எழுத்தைப் போடுவார். வருகைப் பதிவில் கிட்டத்தட்ட 'கயல்விஷி' என்று கூப்பிடுவார்கள். இன்னொரு அலுவலகத்தில் லகரம் போட்டு எழுதியிருப்பார்கள். உச்சரிப்பு எப்படியும் போகட்டும். விசா, மொழிபெயர்ப்பு, குடியேற்றப் பதிவு, கடைசியில் பட்டச்சான்று, எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கோவை இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அழைப்புக் கடிதம் தயாராகும்போதே பல்கலைக்கழகத்திடம் கேட்டு, அதில் இருக்கும் வடிவத்தையே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். ஒரு எழுத்து வேறுபட்டாலும் நோட்டரி, அலுவலகம் என்று மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

அழைப்புக் கடிதம் ரஷ்ய உள்துறை வழியாக வருவதால் பல வாரங்கள் ஆகும். அது வந்த பிறகு சென்னையிலேயே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

போய் இறங்கியதும்

எல்லையில் கொடுக்கும் குடியேற்ற அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள். சின்னக் காகிதம்தான், தொலைந்தால் பெரிய தொல்லை. இறங்கிய மறுநாளே பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய் முகவரிப் பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் 90 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் முடிந்திருக்க வேண்டும். முதல் விசா பெரும்பாலும் ஒருமுறை நுழைவுக்கானது; அங்கேயே நீட்டிப்பார்கள். அது முடியும் முன் தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

2022 மார்ச் முதல் வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது. முதல் சில வாரச் செலவுக்குப் பணமாகவே எடுத்துப் போக வேண்டும். பிறகு உள்ளூர் வங்கியில் கணக்கு தொடங்கி ரஷ்யாவின் சொந்த வங்கி அட்டையான மீர் வாங்கிக்கொள்ளலாம். சிம் கார்டுக்கு வெளிநாட்டவர் பயோமெட்ரிக் பதிவு செய்ய வேண்டும் என்பதால் முதல் நாளே கிடைக்காது. 2025 ஆகஸ்டில் வாட்ஸ்ஆப் அழைப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. வீட்டோடு எப்படிப் பேசுவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அம்மா அப்பா பயந்துவிடுவார்கள்.

குளிருக்கான கனத்த கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே கிடைப்பதுதான் அந்தக் குளிரைத் தாங்கும். கட்டடங்களுக்குள் வெந்நீர்க் குழாய் வெப்பம் இருப்பதால் உள்ளே நன்றாகச் சூடாக இருக்கும். மெல்லிய துணிகளை அடுக்கிப் போட்டு மேலே ஒரு கனத்த கோட்டு, அதுதான் முறை. கோட்டோடு வகுப்புக்குள் போகக் கூடாது. கீழே கர்தெரோப் என்ற அறையில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.

போரைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். உக்ரைன் எல்லையை ஒட்டிய பெல்கரத், கூர்ஸ்க் போன்ற வட்டாரங்களில் இப்போது படிக்கச் சேர வேண்டாம். கசானிலும் 2024 டிசம்பரில் அடுக்குமாடிக் கட்டடங்களை ட்ரோன்கள் தாக்கின. விமான நிலையங்கள் திடீரென்று மூடப்படுவதும் உண்டு. ஆகவே பாதுகாப்பு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல சம்பளம், சுலபமான உதவியாளர் வேலை, சீக்கிரம் குடியுரிமை என்று ஆசை காட்டி இந்தியர்களை ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. சிலர் உயிரிழந்திருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்துவிட்டது. ரஷ்ய மொழியில் முழுதாகப் படித்துப் புரியாத எந்தக் காகிதத்திலும், யார் சொன்னாலும், கையெழுத்துப் போடாதீர்கள். ராணுவத்தைப் பற்றிய சமூக ஊடகப் பதிவுகளுக்கும் அங்கே கடுமையான சட்டங்கள் உண்டு. கசானில் இந்தியத் துணைத் தூதரகம் 2025-ல் திறந்திருக்கிறது. போன உடனே அதன் எண்ணைக் குறித்து வையுங்கள்.

தயாரிப்பு ஆண்டு, தேர்வு, வகுப்பு நடைமுறை

மொழி தெரியாமல் போகிறவர்கள் முதல் ஆண்டைப் பத்ஃபாக் எனப்படும் தயாரிப்புப் பிரிவில் கழிப்பார்கள். தினமும் மொழிதான். ஆண்டு முடிவில் பி1 எனப்படும் இடைநிலை மொழித்திறனுக்கு வந்திருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான அரசுத் தேர்வில் இலக்கணமும் சொல்வளமும், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று ஐந்து பகுதிகள். பி1-க்கு சுமார் 2,300 சொற்கள் போதும் என்பார்கள். இளநிலையில் சேர அது போதும். விரிவுரையைப் புரிந்துகொள்ளப் போதாது. மொழி, இலக்கியம் படிக்கிறவர்கள் முதல் ஆண்டு முடிவதற்குள் அடுத்த நிலையான பி2-வை எட்டப் பாருங்கள்.

ஒரு வகுப்பு 90 நிமிடம். பாரா என்று பெயர். ஆசிரியரை 'சார்', 'மேடம்' என்று கூப்பிடக் கூடாது. பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்து, மரியா பெத்ரோவ்னா என்பது போலக் கூப்பிட வேண்டும். முதல் வகுப்பிலேயே அதைக் கேட்டு எழுதிக்கொள்வது மரியாதை.

நம் மாணவர்களைத் திணறடிப்பது வாய்மொழித் தேர்வு. மேஜை மேல் சின்னச் சின்னச் சீட்டுகள் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும். அரை மணி நேரம் போல யோசித்துக் குறிப்பு எழுத விடுவார்கள். பிறகு ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். நீங்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறீர்கள் என்று தெரிந்தால் நடுவில் நிறுத்தி, சீட்டில் இல்லாத கேள்வியைக் கேட்பார். எழுதி எழுதியே பன்னிரண்டு வருஷம் தேர்வெழுதிய நமக்கு இது புதுசு. ஐந்துக்கு மதிப்பெண்; இரண்டு என்றால் தோல்வி, மறுபடி வர வேண்டும். இதற்குத் தயாராக ஒரே வழிதான்: பாடத்தின் எல்லாக் கேள்விகளும் அடங்கிய பட்டியலை முன்கூட்டியே கொடுப்பார்கள், அதை வாங்கி, விடுதி அறைத்தோழரிடம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அறைத்தோழர் தமிழராகவோ இந்தியராகவோ இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. சேரும்போதே விடுதிப் பொறுப்பாளரிடம் அப்படிக் கேட்டு வாங்குங்கள்.

ஊரைப் படிப்பது

பாடத்திட்டம் மாஸ்கோவை மையமாக வைத்தே போகும். வட்டாரத்தை நீங்களாகத் தேடிப் போக வேண்டும். ரஷ்யாவின் சிறு நகரங்களில்கூட வட்டார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கும். பெரிய நூலகங்களில் உள்ளூர் நூல்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே இருக்கும் நூலகர், நாலு கேள்வி கேட்டீர்கள் என்றால் நாற்பது நூல் எடுத்துக் கொடுப்பார். ஆண்டுக்கட்டுரைக்குத் தோல்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி என்று போகாமல் உள்ளூர்ப் பொருள் ஒன்றை எடுங்கள்: கபான் ஏரிக்கரைப் பழைய தத்தார்க் குடியிருப்பின் தெருப்பெயர்கள், சபந்துய் பாடல்கள், கிறிஸ்தவத் தத்தார்களின் வழிபாடு. வழிகாட்டி ஆசிரியரும் ஆர்வமாக உதவுவார். வெளிநாட்டு மாணவர் ஒருவர் தம் ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் அவர்களுக்கு உண்மையான சந்தோஷம்.

ரஷ்ய மொழி ஓரளவு வந்ததும் தத்தார் மொழி வகுப்பிலும் போய் உட்காருங்கள். தமிழருக்கு ரஷ்ய மொழியைவிட அது இயல்பாக வரும். வினை கடைசியில் வரும். சொல்லுக்குப் பின்னால் விகுதி விகுதியாக ஒட்டிக்கொண்டே போகும். 'கிதாப்-லார்-ம்-தா' என்றால் 'என் புத்தகங்களில்'. புத்தகம், பன்மை, என், இல் என்று பிரித்துப் பாருங்கள், 'என்' இடம் மாறியிருப்பதைத் தவிர நம் முறைதான். அந்த மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லத் தெரிந்தாலே, சந்தையில் எச்ச்போச்மக் விற்கும் பாட்டி உங்களை வேறு மாதிரி பார்ப்பார். முக்கோண வடிவில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுடுவது அது. சைவம் சாப்பிடுகிறவர்கள் தேனில் தோய்த்த சக்-சக் இனிப்பைக் கேளுங்கள், அதில் முட்டை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு.

கோடையில் மொழித்துறை மாணவர்களைக் கிராமங்களுக்குக் களப்பணிக்கு அழைத்துப் போகும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. வட்டார வழக்கு, நாட்டுப்பாடல், சடங்கு எல்லாம் பதிவு செய்வார்கள். வெளிநாட்டு மாணவர்களை அவர்களாகக் கூப்பிடாமல் இருக்கலாம். நீங்களே துறைத்தலைவரிடம் போய்க் கேளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு

வேலை எங்கே என்று வீட்டில் கேட்பார்கள். மொழிபெயர்ப்பு, கற்பித்தல், சுற்றுலா, ரஷ்யாவோடு வணிகம் செய்யும் நிறுவனங்கள் என்று பொதுவாகச் சொல்லலாம். தமிழ்நாட்டிலேயே கூடங்குளம் அணுமின் நிலையம் ரஷ்யத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டது. அடுத்தடுத்த உலைகளின் கட்டுமானம் தொடர்கிறது, ரஷ்ய வல்லுநர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அந்த மாதிரி இடத்தில் இலக்கியம் மட்டும் தெரிந்தால் போதாது. கடைசி இரண்டு ஆண்டில் தொழில்நுட்ப மொழிபெயர்ப்புப் பாடம் ஒன்றையாவது எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் சமநிலை வாங்கும் விதிகளை யுஜிசி 2025-ல் புதிதாக வெளியிட்டிருக்கிறது. சேர்வதற்கு முன்பே அதைப் படித்து, படிப்புக் காலமும் முறையும் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். பட்டம் கையில் வந்ததும் பாடவாரியான மதிப்பெண் இணைப்பையும் சேர்த்து வாங்கி, ஊருக்குக் கிளம்பும் முன் அங்கேயே அப்போஸ்டில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு அதைச் செய்ய அங்கே ஒருவரைப் பிடித்து, அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்.